ஊர் நிலத்தில் மருமகளுக்குப் பங்கு உண்டா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் நில உரிமைச் சட்டம் பற்றி எழுதியிருந்தேன். அங்கே சில ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று, மக்கள் தங்கள் பொது நிலத்துக்குத் துணைவிதிகள் (சட்டத்துக்கு உட்பட்டு ஊரே தனக்கு வகுத்துக்கொள்ளும் விதிகள்) எழுதிக்கொள்ள உதவிய வழக்கறிஞர் நான். அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பல கோபமானவை, சில மிகக் கூர்மையானவை. ஒத்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

*

கட்டுரையைப் படிக்கத் தவறிவிட்டேன். அந்தச் சட்டம் என்னதான் சொல்கிறது?
– வாசகர், அறந்தாங்கி

அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டு அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பின மக்கள் 1822 முதல் கடலோரத்தில் குடியேறி, 1847-ல் அமைத்த குடியரசு லைபீரியா. உள்நாட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்த க்பெல்லே, பாஸா, கியோ, மானோ, லோமா மக்களின் நிலத்தைக் கடலோர அரசு தன் சொத்தாகவே பாவித்தது. 1926-ல் ஃபயர்ஸ்டோன் ரப்பர் நிறுவனத்துக்கு 10 லட்சம் ஏக்கர் வரை, ஏக்கருக்கு 6 சென்ட் வீதம், 99 ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார்கள். 2009-ல் மலேசியாவின் சைம் டார்பி செம்பனை (பாமாயில்) நிறுவனத்துக்கு 63 ஆண்டு ஒப்பந்தம். நிலத்தில் நெல்லும் மரவள்ளியும் பயிரிட்டுக்கொண்டிருந்தவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கிராண்ட் கேப் மவுண்ட் பகுதியில் வயல்களும் முன்னோர் சமாதிகளும் அழிந்தன என்று மக்கள் முறையிட்ட பிறகுதான் வெளி உலகம் திரும்பிப் பார்த்தது.

2014-ல் நாடாளுமன்றத்துக்கு வந்த நில உரிமை மசோதா நான்கு ஆண்டுகள் இழுபட்டு, 2018 செப்டம்பரில் ஜார்ஜ் வியா குடியரசுத் தலைவராக இருந்தபோது சட்டமானது. மரபுவழியாக ஒரு சமூகம் ஆண்டுவரும் நிலம் அந்தச் சமூகத்தின் சொந்தம். பத்திரம் இல்லாவிட்டாலும் சொந்தம்தான் என்று அது சொல்கிறது. நிலத்தை நிர்வகிக்க ஒவ்வொரு சமூகத்திலும் ஒரு குழு அமைய வேண்டும். அந்தக் குழுவில் ஆண்கள், பெண்கள், இளைஞர்கள் என்ற மூன்று பிரிவினரும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

*

நம் ஊராட்சிகளில் தலைவி ஒருவர், நாற்காலியில் அவர் கணவர் என்று பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டோம். அங்கே மட்டும் வேறு மாதிரி நடந்துவிடுமா?
– சுயஉதவிக் குழு ஊக்குநர், பாலக்கோடு

தானாக நடக்காது. நான் பார்த்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன்.

லைபீரியாவில் கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி, மொத்தம் 15. அவற்றில் போங் கவுண்டியில் ஒரு க்பெல்லே ஊர். பலாவர் குடில் என்று சொல்லப்படும் சுவரில்லாத வட்டக் கூடத்தில்தான் ஊர் வழக்குகள் பேசித் தீர்க்கப்படும். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூத்த ஆண்கள். ஓரத்துத் தாழ்வான பெஞ்சுகளில் பெண்கள். பலர் முதுகில் குழந்தை. இளைஞர்கள் கூரைக்கு வெளியே, பென்பென் என்ற வாடகை மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்தபடி நின்றார்கள். குழுவுக்குப் பெயர் கேட்டதும், பெண்கள் சார்பில் சொல்லப்பட்ட முதல் பெயர் ஊர்த் தலைவரின் மனைவியுடையது. அடுத்தது அவர் தங்கையுடையது. இளைஞர் பிரதிநிதியாக எழுந்து நின்றவருக்குத் தலை நரைத்திருந்தது. பேச்சு பக்கத்து ஊர் எல்லைக்கு வந்து சூடுபிடித்தபோது, பெரியவர்கள் நாலைந்து பேர் எழுந்து குடிலுக்குப் பின்னால் போனார்கள். சற்று நேரத்தில் திரும்பி வந்து முடிவை அறிவித்தார்கள். பெண்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது ஒருமித்த முடிவு என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் அதே கவுண்டியில் வேறு ஊர்களில் நிலைமை மாறியதையும் கண்டேன். அங்கெல்லாம் மூன்று காரியங்கள் நடந்திருந்தன. பொதுக் கூட்டத்துக்கு முன்பே பெண்கள் தனியாகக் கூடிப் பேசினார்கள். வயலிலிருந்து திரும்பி, சமைத்து முடித்து, கை ஓய்ந்த பிறகு, ஆங்கிலம் கலக்காமல் தங்கள் மொழியிலேயே. தங்கள் பிரதிநிதி யார் என்பதை அங்கேயே முடிவு செய்துகொண்டு பொதுக் கூட்டத்துக்கு வந்தார்கள். மூன்றாவது, எனக்கு மிகவும் முக்கியமாகப்படுவது: மூன்று பிரிவிலிருந்தும் போதிய பேர் வராவிட்டால் கூட்டம் செல்லாது, நிலத்தைக் குத்தகைக்கு விடும் தீர்மானத்தில் பெண் உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கையெழுத்திடாவிட்டால் தீர்மானமும் செல்லாது என்று துணைவிதியில் எழுதிக்கொண்டார்கள். அப்படி எழுதிய ஊரில், குடிலுக்குப் பின்னால் என்ன பேசினாலும் கடைசியில் பெண்களிடம் வந்துதான் ஆக வேண்டும். அதனால் பெரியவர்கள் எழுந்து போவதே குறைந்துவிட்டது.

சட்டம் இடம் ஒதுக்குகிறது. அந்த இடத்துக்குப் பலம் சேர்ப்பது துணைவிதி. துணைவிதியை எழுதும் கூட்டத்தில் பெண்கள் இல்லையென்றால், பிறகு குழுவில் எத்தனை பேரை உட்கார வைத்தாலும் பயன் சொற்பம்.

*

கல்யாணமாகி வேற்றூரிலிருந்து வந்த பெண்ணை, 'நீ இந்த ஊர்க்காரி இல்லை' என்று ஒதுக்கிவிட மாட்டார்களா? எங்கள் வீட்டிலேயே அந்தப் பேச்சு உண்டு.
– வாசகி, ஆண்டிப்பட்டி

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பகுதிக்கு மேலே உள்ள தலைப்பை வைத்தேன். குழுவில் சம இடம் என்பதைப் பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. என்னைக் கேட்டால், லைபீரியச் சட்டத்தின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. சமூகத்தின் உறுப்பினர் யார் என்ற வரையறைதான் அது. அந்த ஊரில் பிறந்தவர், அல்லது பெற்றோரில் ஒருவர் அங்கே பிறந்தவர், அல்லது தொடர்ந்து 7 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர், அல்லது உறுப்பினர் ஒருவரின் வாழ்க்கைத் துணை. இவர்களில் லைபீரியக் குடிமகனோ குடிமகளோ ஆன எவரும், ஆண் பெண் வேறுபாடின்றி, இனம் மதம் பாராமல் உறுப்பினர்.

லைபீரியாவின் பெரும்பாலான உள்நாட்டுச் சமூகங்களில் நிலம் ஆண்வழியில் இறங்குகிறது. மகள் வேறு ஊருக்குப் போய்விடுவாள், அதனால் பிறந்த வீட்டில் நிலமில்லை. மனைவி வேறு ஊரிலிருந்து வந்தவள், அதனால் புகுந்த வீட்டிலும் நிலமில்லை. இரண்டு வாசலும் அடைபட்ட பெண்ணுக்கு, அந்த வரையறையின் கடைசிச் சில சொற்கள் ஒரு வாசலைத் திறந்துவிடுகின்றன.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெண்வீட்டாருக்குக் கொடுக்க வேண்டிய மணப்பொருளைக் கொடுத்து முடிக்க இயலாமல் ஒன்றாகக் குடும்பம் நடத்துபவர்கள் அங்கே ஏராளம். பிள்ளைகள் பெற்று, ஒரே வயலில் உழைத்தாலும் ஊர் வழக்கப்படி அந்தப் பெண் இன்னும் மனைவி ஆகவில்லை. மரபுவழித் திருமணத்தில் இணைந்த மனைவிக்கும் வாரிசுரிமை உண்டு என்று 2003-ல் ஒரு சட்டம் வந்தது. இந்தப் பெண்கள் அதன் கைக்கு எட்டாமல் நிற்கிறார்கள். அவர்களுக்கு 7 ஆண்டு வசிப்பு என்ற விதிதான் துணை. சில ஊர்களில், ஒரே அடுப்பில் சமைத்து ஒன்றாக வாழ்பவர்களும் துணைவரே என்று துணைவிதியில் சேர்க்கச் சொல்லிப் பெண்கள் வற்புறுத்தினார்கள். சேர்த்தும்விட்டார்கள்.

ஒரு கூட்டத்தில் இந்தப் பிரிவை நாங்கள் படித்துக் காட்டி முடித்ததும், வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிய ஒரு மூதாட்டி கேட்டார்: "புருஷன் செத்துப்போனால் நான் இன்னும் துணைதானா?" சட்டத்தை எழுதியவர்கள் தெளிவாக்காமல் விட்டதை அந்த அம்மா ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார். கணவர் இறந்தால், அவருடைய சகோதரனை மணந்துகொண்டால்தான் நிலத்தில் இருக்கலாம் என்பது பல ஊர்களின் பழைய வழக்கம். விதவையை அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2003 சட்டம் தடுத்திருந்தும் வழக்கம் போகவில்லை. அன்று மாலை வரை வாதம் நீண்டது. கணவர் இறந்த பின்னும், மறுமணம் செய்தாலும் செய்யாவிட்டாலும், அவள் இந்த ஊரின் உறுப்பினரே என்ற வரி துணைவிதியில் ஏறியது. அந்த வரியின் ஆசிரியர் அவர்தான்.

*

பெண்கள் அங்கே வயலில் வேலை செய்யத் தடை இல்லையே. உழுது பயிரிட முடிகிறபோது, உரிமை காகிதத்தில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?
– விவசாயி, கீழ்வேளூர்

எதைப் பயிரிடலாம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது, ஐயா. லைபீரியக் கிராமங்களில் நெல், மரவள்ளி, மிளகாய் எல்லாம் யாரும் போடலாம். பருவம் முடிந்தால் நிலம் மீண்டும் ஊருடையது. ரப்பர், கோகோ, காபி, செம்பனை போன்ற நீண்டகால மரங்களை நட்டால் அந்த இடம் நட்டவருடையது என்று பொருள். மரம் நிற்கும்வரை நிலம் அவர் கையில். எனவே வெளியூர்க்காரர்களும், பெண்களும், பல இடங்களில் இளைஞர்களும் மரம் நடக் கூடாது.

காசு தருவது மரம். ஒரு பெண் முப்பது ஆண்டுகள் ஒரே ஊரில் நெல் விதைத்து, களை பறித்து, அறுத்து, குத்திச் சமைத்துப் போட்டிருப்பார்; ஒரு ரப்பர் கன்று அவர் பெயரில் இராது. அவர் கணவர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நட்ட தோப்பில் இன்று பால் வடியும். அந்தப் பணத்தில் அவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இராது. அதனால் நான் போன ஊர்களிலெல்லாம் பெண்களிடம் முதலில் கேட்டது, 'நீங்கள் மரம் நடலாமா?' என்பதைத்தான். உறுப்பினர் எவரும் குழுவின் அனுமதியுடன் நீண்டகாலப் பயிர் வைக்கலாம் என்ற ஒரு விதி, மேடையில் பேசும் நூறு சமத்துவப் பேச்சுகளைவிட அவர்களுக்குப் பயன்பட்டது. வேளாண்மை தெரிந்தவர் நீங்கள். இதை நான் விளக்க வேண்டியதில்லை.

*

பெண்கள் சரி. இளைஞர்களுக்கு எதற்குத் தனி இடம்? அனுபவம் வாய்ந்த பெரியவர்கள் இருக்கும்போது இருபது வயதுப் பையன் நிலத்தைப் பற்றி என்ன சொல்லப்போகிறான்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சாத்தூர்

1989-ல் தொடங்கி 2003 வரை, நடுவில் சிறிது ஓய்ந்து, லைபீரியாவில் இரண்டு உள்நாட்டுப் போர்கள் நடந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். போர் முடிந்து ஆயுதங்களை ஒப்படைக்க வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இளைஞர்கள், பலர் சிறுவர்கள். அரசியல், வைரம், அண்டை நாடுகளின் தலையீடு என்று அந்தப் போருக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றோடு கிராமத்துக் காரணம் ஒன்றையும் அந்தப் பகுதியை ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். நிலம் பெரியவர்கள் கையில். பெண் கொடுப்பதும் அவர்கள் கையில். அபராதம் விதிப்பதும் அவர்கள் கையில். நிலமில்லாதவனுக்கு மணமில்லை. மணமில்லாதவனுக்கு ஊரில் சொல் இல்லை. மாமனார் வயலிலும் தலைவர் வயலிலும் ஆண்டுக்கணக்கில் காடு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவனிடம் ஒருவன் துப்பாக்கியை நீட்டியபோது அவன் வாங்கிக்கொண்டான்.

இதைப் போர்க்குற்றங்களுக்கு நியாயமாகச் சொல்லவில்லை. ஊர் நிலத்தில் தனக்கும் பங்கு உண்டு என்ற நம்பிக்கை இல்லாத ஓர் இளைஞர் கூட்டத்தை வைத்துக்கொண்டு எந்த ஊரும் அமைதியாக இருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். போருக்குப் பிறகும் நிம்பா கவுண்டியில் அகதி முகாம்களிலிருந்து திரும்பிய மண்டிங்கோ இனக் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் வேறு ஆட்கள் இருப்பதைக் கண்டன. அந்தத் தகராறுகளில் முன்னே நின்றதும் இளைஞர்கள்தான். எல்லைச் சண்டை மூண்டால் முதலில் அரிவாள் எடுப்பவன் அவன். எல்லையைப் பேசித் தீர்க்கும் கூட்டத்தில் மட்டும் அவன் வேண்டாமா?

உங்கள் அச்சத்தில் உண்மையும் இருக்கிறது, ஐயா. தலைநகர் மன்ரோவியாவில் வாழும் இளைஞர்கள் சிலர், ஊர் நிலத்தை விரைவில் ஏதாவது நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று பேசியதைக் கேட்டிருக்கிறேன். அவர்களைக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்துவது தீர்வாகாது. ஊர் எல்லையை நடந்து குறிக்கும்போது, பெரியவர்களோடு இளைஞர்களையும் காட்டுக்குள் அழைத்துப்போன ஊர்களில் நடந்ததைச் சொல்கிறேன். பெரியவருக்கு எந்த மரம் தாத்தா நட்ட எல்லை மரம், எந்த ஓடை எந்த ஊருடையது என்று தெரியும். கைபேசியில் ஜிபிஎஸ் புள்ளி எடுக்கத் தெரியாது. பையனுக்கு அது தெரியும்; மரம் தெரியாது. இரண்டு நாள் சேர்ந்து நடந்த பிறகு, தன் ஊரின் பரப்பையும் வரலாற்றையும் அவன் முதல்முறையாக அறிகிறான். விற்றுவிடலாம் என்ற பேச்சு அதற்குப் பின் அவன் வாயிலிருந்து அவ்வளவு எளிதாக வருவதில்லை.

ஒன்று மட்டும் கவலை தருகிறது. இளைஞர் என்றால் பையன்கள் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பெண், பெண்கள் குழுவில் மூத்தவர்கள் முன் பேசக் கூடாது. இளைஞர் குழுவில் ஆண்கள் முன் பேசக் கூடாது. இளைஞர் இடங்களில் பாதி இளம்பெண்களுக்கு என்று துணைவிதியில் எழுதினால் தவிர அவள் குரல் எங்கும் பதிவாகாது. எழுதிய ஊர்கள் மிகக் குறைவு.

*

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன். குழு, துணைவிதி, கூட்டம் என்று ஏன் இத்தனை பாடு? நிலத்தை அளந்து ஆளுக்கொரு பட்டா கொடுத்துவிட்டால் பெண்ணுக்கும் பட்டா, பையனுக்கும் பட்டா. முடிந்தது அல்லவா?
– வாசகர், திருக்கோவிலூர்

கென்யாவில் செய்து பார்த்துவிட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சி 1954-ல் ஸ்வின்னர்ட்டன் திட்டம் என்ற பெயரில் மரபுவழி நிலத்தை அளந்து தனியார் பெயரில் பதியத் தொடங்கியது. பதிவேட்டில் யார் பெயர் ஏறும்? குடும்பத் தலைவர் பெயர். குடும்பத் தலைவர் ஆண். அதற்கு முன்பு, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாவிட்டாலும், மனைவிக்கு வயல் ஒதுக்க வேண்டும் என்ற வழக்கம் ஒன்று இருந்தது. பட்டா வந்ததும் கணவர் தனியாகவே விற்கலாம், அடகு வைக்கலாம் என்றாயிற்று. அரைகுறையாக இருந்த பாதுகாப்பும் போயிற்று. பின்னாளில் 2010 அரசியலமைப்பையும் 2016 சமூக நிலச் சட்டத்தையும் கொண்டுவந்து அந்த நாடு இன்னும் அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறது.

மேலும், லைபீரியாவில் காடும் சதுப்பும் ஓடையும் ஆளுக்கொரு துண்டாகப் பிரிபவை அல்ல. விறகு, மூலிகை, மீன், கூரை வேயும் ஓலை எல்லாம் பொதுவிலிருந்து வருகின்றன. அவற்றில் பெரும்பகுதியைச் சேகரிப்பவர்கள் பெண்கள். பொதுவை வெட்டித் துண்டாக்கினால் முதலில் வெறுங்கையோடு நிற்பது அவர்கள். உங்கள் அலுவல் அனுபவத்தை மதிக்கிறேன். பட்டாவில் யார் பெயரை எழுதுவது என்று உங்கள் முன் நின்ற குடும்பங்களை நினைத்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

*

அவர்கள் வழக்கத்தை அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? வெளியிலிருந்து போய் நீங்கள் ஏன் மாற்றச் சொல்கிறீர்கள்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

கேட்க வேண்டிய கேள்வி. இந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர்கள் லைபீரியப் பெண்கள். 2003-ல் வெள்ளை உடையில் மன்ரோவியாவின் மீன் சந்தை அருகே வெயிலிலும் மழையிலும் அமர்ந்து அமைதி கேட்டவர்கள் அவர்கள். கானா நாட்டின் அக்ராவில் சமாதானப் பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது, கதவுகளை மறித்து உட்கார்ந்து, உடன்பாடு இல்லாமல் யாரும் வெளியே போக முடியாது என்றார்கள். அவர்களை வழிநடத்திய லேமா போவீக்கும், பின்னர் குடியரசுத் தலைவரான எலன் ஜான்சன் சர்லீஃபுக்கும் 2011-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அந்தத் தலைமுறையைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று நிலத்தைக் கேட்டார்கள். என்னைப் போன்றவர்கள் சட்டத்தைப் படித்துக் காட்டினோம், எழுதிக் கொடுத்தோம்.

வழக்கம் என்பதும் நீங்கள் நினைப்பதுபோல் ஒரே உருவில் உறைந்து கிடப்பதில்லை. போங் கவுண்டியில் சுவாகோகோ என்ற ஊர் இருக்கிறது. க்பெல்லே மக்களின் தலைவியாக விளங்கிய ஒரு பெண்ணின் பெயர் அது. பெண் தலைமை வகிப்பது வழக்கத்துக்கு விரோதம் என்று ஒரு முதியவர் என்னிடம் சொன்னபோது, பக்கத்திலிருந்தவரே சுவாகோகோவின் பெயரைச் சொல்லி அவரை அடக்கினார். தலைவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, நிலச் சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரமும் கொடுத்தது அரசு. அந்தக் கையெழுத்துக்கு விலை வந்த பிறகுதான் பல இடங்களில் ஊரைக் கேட்காமல் நிலம் கைமாறியது. இன்று 'பழைய வழக்கம்' என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு அப்படி வந்து சேர்ந்தது.

பெண்களின் அதிகாரம் வழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு இன்னொன்று. பெண்களுக்கு சாண்டே, ஆண்களுக்கு போரோ என்ற இரகசியச் சங்கங்கள் அங்கே உண்டு. சாண்டேயின் புனிதத் தோப்புக்குள் எந்த ஆணும் கால் வைக்க முடியாது. ஊர் எல்லையை ஆண்கள் மட்டும் நடந்து வரைபடம் வரைந்தால் அந்தத் தோப்பு வரைபடத்தில் வராது. வராத இடத்தை நாளை ஒரு நிறுவனம் காலி நிலம் என்று கேட்கும். இதைச் சொன்ன மாத்திரத்தில், பெண்கள் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களே அவர்களை எல்லை நடக்க அழைத்தார்கள்.

*

வேறு நாடுகளில் இப்படிச் சட்டங்கள் உண்டா? இந்தியாவில்?
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

உண்டு. தான்சானியாவின் 1999 கிராம நிலச் சட்டப்படி ஊர் நில மன்றத்தின் 7 பேரில் 3 பேர் பெண்கள். உகாண்டாவில் 1998 முதல், பொது நிலச் சங்க நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு. மலாவியில் 2016 சட்டம் நிலக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் 6 பேரில் 3 பேர் பெண்களாக இருக்கக் கேட்கிறது. சியாரா லியோன் 2022-ல் நிலக் குழுக்களில் 30 சதவீதம் என்று வைத்தது. இளைஞர்களைப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இணையான தனிப் பிரிவாக நிறுத்தியதில் லைபீரியா மற்றவற்றைவிட ஒரு படி முன்னே போயிருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்தியாவில் நாகாலாந்தைப் படியுங்கள். நிலத்தின் உடைமையும் கைமாற்றமும் அரசியலமைப்பின் 371ஏ பிரிவால் மரபுச் சட்டத்துக்கு விடப்பட்டிருக்கின்றன. கிராம மன்றங்களில் பெண்கள் அரிது. நகராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 33 சதவீதம் என்றதற்கே 2017-ல் பெரும் கலவரம் மூண்டு, உயிர்கள் போய், முதலமைச்சர் பதவி விலகினார். உச்ச நீதிமன்றத்தின் தொடர் அழுத்தத்துக்குப் பிறகு 2024-ல் அந்த இட ஒதுக்கீட்டோடு தேர்தல் நடந்தது. மாநில சட்டமன்றத்துக்கு முதன்முதலாகப் பெண்கள் வென்றது 2023-ல். ஹெகானி ஜக்காலு, சல்ஹௌடுவோனுவோ க்ரூசே இருவரும். ஆனால் நிலம் தொடர்பான மரபு மன்றங்களின் கதவு இன்னும் அசையவில்லை. ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது பொறுமையாக உட்கார்ந்து எழுத வேண்டிய விஷயம்.

*

லைபீரியாவில் இந்தியர்கள் பற்றி அங்கே பேச்சு உண்டா?
– வாசகி, கோவில்பட்டி

உண்டு. ஐ.நா. அமைதிப்படையின் பகுதியாக, நம் மத்திய ரிசர்வ் போலீஸ் படையிலிருந்து முழுக்கப் பெண்களே கொண்ட பிரிவு 2007-ல் மன்ரோவியாவுக்குச் சென்றது. உலகில் அப்படிச் சென்ற முதல் பிரிவு அதுதான். 2016 வரை அடுத்தடுத்த அணிகள் அங்கே பணியாற்றின. சேலையில் என்னைப் பார்த்ததும் அந்தக் காவலர்களை நினைவுகூர்ந்து பேசிய பெண்கள் பலர்.

*

அந்த ஊர்களுக்குப் பத்திரம் கிடைத்துவிட்டதா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பெரும்பாலானவற்றுக்கு இல்லை. சமூகம் தன்னை அடையாளப்படுத்திக்கொள்வது, துணைவிதி, குழு, பக்கத்து ஊர்களோடு எல்லை இணக்கம், பிறகு அரசின் நில அளவை, கடைசியில் பத்திரம் என்று வரிசை நீளம். மக்கள் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த ஊர்கள்கூட அளவைக்காகக் காத்திருக்கின்றன. அதற்கு ஆகும் செலவை ஏற்க அரசிடம் பணமில்லை, உதவி நிறுவனங்களின் திட்டங்கள் பாதியில் முடிந்துபோகின்றன. இந்த இடைவெளி ஆபத்தானது. 2023-ல் நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக் காட்டின் கார்பன் உரிமையை (காடு உறிஞ்சும் கரியமில வாயுவைக் கணக்கிட்டு விற்கும் உரிமையை) 30 ஆண்டுகளுக்குத் துபாய் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கும் ஒப்பந்த வரைவு வெளியே கசிந்தது. அந்தக் காடுகளில் வாழும் சமூகங்களைக் கேட்காமல் தயாரான வரைவு என்று லைபீரிய அமைப்புகள் எதிர்த்தன, அதில் கையெழுத்தாகவில்லை.

பத்திரம் வராவிட்டாலும் நிலம் சமூகத்துடையது என்று சட்டம் சொல்வதை அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் தொடர்பில் இருக்கும் சில குழுக்களில், கூட்டக் குறிப்பேட்டையும் துணைவிதியின் மூலப் பிரதியையும் பெண் உறுப்பினர் ஒருவர் வீட்டிலும், நகலை இளைஞர் பிரதிநிதி கைபேசியில் படமாகவும் வைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் ஆள் யாராவது ஊர்த் தலைவரைத் தனியாகச் சந்திக்க வந்தால், குழுவை முழுமையாகக் கூட்டிய பிறகே பேச்சு என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.